படம் வரைவதை ஆய்வு என்று ஏற்றுக்கொள்வார்களா? ஓவிய ஆசிரியை ஒருவருக்குப் பதில்

கேட்டிருப்பவர் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பகுதிநேரமாகப் பிஎச்.டி. பதிவு செய்யப் போகிறார். கைடாக வரவிருப்பவர் 'ஆர்டோகிராஃபி' என்று ஒரு ஆய்வுமுறையைச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாராம். இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் தத்துவமாக இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை என்கிறார். அது என்ன, தான் வரைவதையும் வகுப்பில் நடப்பதையும் ஆய்வு என்று ஒத்துக்கொள்வார்களா, எங்கிருந்து தொடங்குவது என்பவைதான் அவருடைய கேள்விகள்.

ஒத்துக்கொள்வார்கள். கனடா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் இருபது வருடமாகவே இது நடக்கிறது. நம் பக்கம் கைடையும் துறையையும் பொறுத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது: வழக்கமான ஓர் ஆய்வேட்டை எழுதி, நடுநடுவே உங்கள் ஓவியங்களையும் பிள்ளைகளின் ஓவியங்களையும் ஒட்டிவைத்தால் அது இந்த முறை ஆகாது. நான் யாருடைய வரைவைப் பார்த்தாலும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். படங்களை எல்லாம் உருவிவிட்டு எழுத்தை மட்டும் படிக்கிறேன். முடிவுகள் அப்படியே நிற்கின்றன, எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் படங்கள் வெறும் அலங்காரம். வரைந்ததால்தான் கேள்வி மாறியது, வரையாமல் இருந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது என்று காட்ட முடிந்தால் மட்டுமே வரைதல் ஆய்வாகிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

சரி, பெயர். கலைஞர், ஆய்வாளர், ஆசிரியர் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை எடுத்து, நடுவில் சாய்கோடு போட்டு a/r/tography என்று எழுதுவார்கள். ஒரே ஆள் கலைஞராகவும் ஆசிரியராகவும் இருந்துகொண்டே, அந்த இரண்டு வேலைகளின் வழியாகவே ஆராய்வதுதான் இந்த முறை. வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா இர்வினும் அவரோடு இருந்த ஆய்வு மாணவர்களும் சக ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2004இல் இர்வினும் அலெக்ஸ் டி காசனும் தொகுத்த நூலோடு இந்தப் பெயர் பரவலானது. அதற்கு முன்னால் இதற்கு வழிவெட்டியவர்கள் சிலர் உண்டு. கல்வியியல் படித்தவர் என்பதால் எலியட் ஐஸ்னரைத் தெரிந்திருக்கும். ஓவியம் பயின்று, பள்ளியில் ஓவியம் கற்பித்து, பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர். பள்ளி எதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுகிறதோ அதுவும் பாடத்திட்டம்தான் என்று சொன்னவரும் அவரே. கலை வழியாகவும் ஆய்வு செய்யலாம் என்று 1990களில் பயிலரங்குகள் நடத்தினார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஆசிரியர் தன் வகுப்பைத் தானே ஆராய வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வந்து கிளிப்போர்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் போதாது என்று 1975லேயே எழுதிவிட்டார். லண்டன் ராயல் கலைக் கல்லூரியின் கிறிஸ்டோஃபர் ஃப்ரேலிங் 1993இல், கலையைப் பற்றிய ஆய்வு வேறு, கலைக்காகச் செய்யும் ஆய்வு வேறு, கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு வேறு என்று பிரித்துக் காட்டினார். உங்கள் சினாப்சிஸில், அதாவது பதிவுக்குக் கொடுக்கும் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில், இந்தக் கடைசிப் பிரிவு கட்டாயம் வர வேண்டும். நீங்கள் செய்யப்போவது மூன்றாவது வகை. முதல் வகை என்று நினைத்துக்கொண்டுதான் பாதித் தேர்வாளர்கள் உங்களிடம் கேள்வி கேட்பார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டியவர் டெட் ஆவோக்கி என்பது என் எண்ணம். ஜப்பானிய வம்சாவளிக் கனடாக்காரர், 1919இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவரைக் கனடா அரசு வெளியேற்றியது. இவரும் அல்பர்ட்டாவுக்குப் போய் சர்க்கரை பீட் வயலில் வேலை செய்தார். பிறகு பள்ளி ஆசிரியர், அதற்குப் பிறகு பேராசிரியர். 1986இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் மிஸ் ஓ என்று ஓர் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வருவார். அவர் மேசையில் அரசாங்கத்தில் யாரோ உட்கார்ந்து எழுதி அனுப்பிய பாடத்திட்டம் இருக்கிறது, அதில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, ஆளுக்கொரு குணம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த டீச்சர் தினமும் வாழ்கிறார். இதை ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு தீர்க்கப் பார்க்காதீர்கள், அந்த இழுபறியிலேயே குடியிருப்பதுதான் கற்பித்தல் என்கிறார் ஆவோக்கி. வான்கூவர்க்காரர்கள் பெயரில் போட்ட சாய்கோடுகள் இந்த இடத்திலிருந்து வந்தவை. கலைஞராக இருப்பதற்கும் ஆசிரியராக இருப்பதற்கும் இடையில் ஒரு உரசல் இருக்கிறதல்லவா, ஆய்வு அந்த உரசலில் நடக்கிறது என்பது அவர்கள் கட்சி.

இது உங்களுக்குப் புதிதாகவே இருக்காது. நாற்பது நிமிட பீரியடில் ஐம்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதுவும் கணக்கு சார் கடன் கேட்காத நாளில் மட்டும் கிடைக்கிற பீரியடில், வீட்டுக்கு வந்து சொந்தமாக வரைய உட்கார்ந்தால் கையில் வகுப்பில் போட்ட மாங்காயும் பூந்தொட்டியுமே வருகிறது என்று ஓவிய ஆசிரியர்கள் புலம்பாத ஊர் இல்லை. அந்தப் புலம்பலைத்தான் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். (தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்துப் பதினாறாயிரத்துச் சொச்சம் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். கலைஞர் என்ற அடையாளம் எவ்வளவு மலிவாக மதிக்கப்படுகிறது என்பதும் உங்கள் ஆய்வுக்குள் வரக்கூடிய விஷயந்தான், வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.)

இனி, நடைமுறையில் இது எப்படி இருக்கும்? உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். நான் கற்பனையாகச் சொல்கிறேன், ஆனால் இதில் வரும் படம் உங்களுக்குத் தெரிந்த படம்தான்.

'இயற்கைக் காட்சி' வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன வரைவார்கள்? இரண்டு முக்கோண மலை, அவற்றின் நடுவிலிருந்து பாதி எழுந்த சூரியன், மலையடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து வந்து தாளின் கீழ் விளிம்பில் அகலமாகிற ஆறு, ஆற்றுக்கு ஒரு பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்ட கூரையோடு வீடு, மறுபக்கம் தென்னை, வானத்தில் நான்கைந்து பறவை. நாகப்பட்டினம் பக்கம் மலையையே கண்ணால் பார்க்காத பிள்ளையும் இதைத்தான் வரைகிறது, உதகையில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற பிள்ளையும் அதே முக்கோணத்தைத்தான் வரைகிறது. இதை ஆராய வேண்டும். வழக்கமான வழியில் போனால் நூறு, இருநூறு படம் சேகரித்து, எத்தனையில் மலை, எத்தனையில் சூரியன் என்று எண்ணி, ஆண் பெண், கிராமம் நகரம் என்று பிரித்து அட்டவணை போட்டு, 'மாணவர்களிடம் படைப்பாற்றல் குறைந்து காணப்படுகிறது' என்று முடிக்கலாம். பட்டமும் கிடைத்துவிடும்.

இந்த முறையில் போகிறவர் முதலில் தாமே உட்கார்ந்து அந்தப் படத்தை வரைவார். ரசித்து மாற்றி அல்ல, பத்து வயதில் எப்படிப் போட்டாரோ அப்படியே, அதே ஏ4 தாளில், அதே மெழுகு கிரேயானில். வரையும்போது கவனிப்பார்: கை எதில் தொடங்குகிறது, எந்தக் கோடு யோசிக்காமல் விழுகிறது, எங்கே தயங்குகிறது. மலை யோசிக்காமல் விழும். ஆறு வளையும் இடத்தில் ஒரு சுகம் இருக்கும், அது உண்மையிலேயே கைக்குப் பிடித்த வளைவு. வீட்டு வாசலில் கை நின்றுவிடும், ஏனென்றால் இந்தப் படத்தில் மனிதர் யாரும் கிடையாது, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அதுவரை யாரும் கேட்டதும் கிடையாது. இதையெல்லாம் அன்றைக்கே நோட்டில் எழுதிவைப்பார். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் வரைவதைப் பார்க்கும்போது அவர் பார்க்கும் விதமே மாறியிருக்கும். முடிந்த படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோடு விழும் வரிசையைப் பார்ப்பார், எந்தப் பிள்ளையின் கை வாசலில் நிற்கிறது என்று பார்ப்பார்.

அடுத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிவதை வரையுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் வருகின்றன. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு மலையும் வருகின்றன! ஏன் பாப்பா மலை போட்டாய் என்று கேட்டால், 'அது இல்லாட்டி சீனரி மாதிரி இல்லையே டீச்சர்' என்கிறது பிள்ளை. இந்த இடத்தில் பழைய கேள்வி செத்துவிடுகிறது. 'ஏன் படைப்பாற்றல் இல்லை' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், 'இந்தப் படம் பிள்ளைக்கு என்ன செய்துகொடுக்கிறது' என்று கேட்கத் தொடங்குகிறார். தப்பு என்று யாரும் சொல்ல முடியாத படம் அது. போட்டிக்கு அனுப்பலாம், பக்கத்துப் பிள்ளையுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று நிம்மதியடையலாம். அந்த நிம்மதியைப் பிள்ளைக்கு யார் கொடுத்தது என்று பார்த்தால் டீச்சரும் பள்ளியும்தான்.

அப்புறம் அவர் திரும்பவும் ஸ்டுடியோவுக்குப் போகிறார், ஸ்டுடியோ என்றால் சமையலறை மேசையாகவும் இருக்கலாம். அதே அமைப்பை, மலை சூரியன் ஆறு வீடு தென்னை, பெரிய துணியில் வரைகிறார், ஆனால் மலை இருக்க வேண்டிய இடத்தில் தன் ஊரின் உப்புக் குவியல்களைப் போடுகிறார். வேதாரண்யம் பக்கத்து ஆளாக இருந்தால் அதுதானே அங்கே உள்ள மலை! அந்தத் துணியை வகுப்பில் தொங்கவிடுகிறார். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் தன் அம்மா அங்கே வேலைக்குப் போவதைச் சொல்கிறார், யார் 'ஆறு எங்கே டீச்சர்' என்று அடம்பிடிக்கிறார், இதெல்லாம் ஆய்வுத் தரவு. அந்தத் துணியும் தரவு. அது இல்லாமல் அந்தப் பேச்சு நடந்திருக்காது. பிள்ளைகளின் அந்தப் பேச்சு அவருடைய அடுத்த படத்தை மாற்றும், அடுத்த படம் அடுத்த பாடத்தை மாற்றும். வரைதல், கற்பித்தல், ஆராய்தல் மூன்றும் இப்படித்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன. காலையில் ஆசிரியர், மாலையில் கலைஞர், லீவு நாளில் ஆய்வாளர் என்று தொப்பி மாற்றிக்கொண்டிருந்தால் இது நடக்காது.

வான்கூவர்க்காரர்களே செய்த ஒரு வேலையையும் பாருங்கள். வான்கூவரை ஒட்டிய ரிச்மண்ட் நகரில் குடியேறிய எட்டுக் குடும்பங்களோடு இர்வின் குழு வேலை செய்தது. பேட்டி எடுத்து எழுதிவிட்டுப் போய்விடாமல், குடும்ப ஆல்பங்களை எடுத்துவைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து படங்களை உருவாக்கி, கண்காட்சி அறைக்குள் பூட்டாமல் பொது இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழுவில் கூ ஷியோங் என்ற ஓவியர் இருந்தார். கலாசாரப் புரட்சியின்போது சீனாவில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர், 1989இல் கனடாவுக்கு வந்து அதே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேன்டீனில் தட்டு எடுத்து வேலை பார்த்து, பின்னால் அங்கேயே பேராசிரியரானவர். குடியேறியவர்களைப் பற்றிய ஆய்வில் அவர் ஆய்வாளரா, ஆய்வுக்கு உட்பட்டவரா? இரண்டுமே. அதை மறைக்காமல் வேலையின் மையத்தில் வைத்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

தத்துவப் பகுதி உங்களைப் பயமுறுத்தியிருக்கும். 2005இல் ஸ்டெஃபனி ஸ்பிரிங்கே, இர்வின், சில்வியா கைண்ட் மூவரும் எழுதிய கட்டுரையில் ஆறு கருத்துகளைக் கொடுப்பார்கள்: படமும் எழுத்தும் அருகருகே இருப்பது, வாழ்ந்துகொண்டே விசாரிப்பது, திறப்புகள், உருவகமும் ஆகுபெயரும், எதிரொலிப்பு, மிகுதி. பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் டெலூஸ், குவாத்தாரியின் கிழங்குவேர் உவமையும், அதாவது மையமில்லாமல் எல்லாப் பக்கமும் பரவும் வேரின் உவமையும், வந்துபோகும். இந்த ஆறையும் ஆறு அத்தியாயத் தலைப்பாக்கி நிரப்பியவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர்களே இவற்றை அளவுகோலாகப் பிடிக்கச் சொல்லவில்லை. உங்களுக்கு முதல் இரண்டும் போதும் என்பேன். படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக்கூடாது, எழுத்து சொல்வதைப் படம் விளக்கக்கூடாது, இரண்டும் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று தொந்தரவு செய்ய வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை போகப்போகப் புரியும், புரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

ஆய்வேட்டின் வடிவம் பற்றியும் கேட்பீர்கள். நாவலை ஆய்வேடாக ஏற்கலாமா என்று 1996இல் அமெரிக்காவில் ஒரு கல்வி ஆய்வு மாநாட்டில் ஐஸ்னரும் ஹோவர்ட் கார்ட்னரும் எதிரெதிராக வாதாடினார்கள். ஐஸ்னர் ஏற்கலாம் என்றார், அறிவு ஒன்றல்ல, பல வகை என்று பேசிய உளவியலாளர் கார்ட்னரே கூடாது என்றார். காலம் ஐஸ்னர் பக்கம் சாய்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாலின் சமேஷிமா, ஒரு மாணவி தன் ஆசிரியருக்கு எழுதும் கடிதங்களாகவே ஆய்வேட்டை எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் நிக் சூசானிஸ் 2014இல் முழு ஆய்வேட்டையும் காமிக்ஸாக வரைந்து கொடுத்தார், அடுத்த ஆண்டே ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக்கியது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஏ. டி. கார்சன் 2017இல் 34 பாடல்கள் கொண்ட ராப் ஆல்பத்தை ஆய்வேடாகத் தந்தார். இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகத்தில் நாளைக்கே கைடிடம் போய் 'நான் தெருக்கூத்தாகத் தரப்போகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த மூவருக்கும் பின்னால் அவர்களைப் புரிந்துகொண்ட ஒரு குழு உட்கார்ந்திருந்தது. தவிர, சூசானிஸின் பக்கங்களில் படத்தையும் சொல்லையும் பிரித்தால் வாதமே காணாமல் போகும், வடிவம் அங்கே வேடிக்கைக்காக வரவில்லை.

இந்த முறையின் மேல் எனக்கிருக்கும் குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரில் வரும் வேலைகளில் கணிசமானவை தன்னைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் வேலைகள். 'நான் வரைந்தேன், அழுதேன், மாறினேன்' என்று இருநூறு பக்கம். வகுப்பில் இருந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது எங்கேயும் இருக்காது. ஓவியமும் சுமாராக இருக்கும், கேட்டால் இது ஆய்வுக்கான ஓவியம் என்பார்கள். ஆய்வும் சுமாராக இருக்கும், கேட்டால் இது கலை என்பார்கள். இந்தச் சமாளிப்பை மன்னிக்கக்கூடாது. ஓவியமாகப் பார்த்தால் ஓர் ஓவியர் மதிக்க வேண்டும், பாடமாகப் பார்த்தால் சக ஆசிரியர் ஒருவர் 'இதை நானும் செய்து பார்க்கலாம்' என்று சொல்ல வேண்டும். கடினந்தான். மூன்று வேலையையும் ஒருவரே செய்கிறேன் என்று கிளம்பினால் மூன்றுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பெயரெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் இப்படி வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன், கூத்துப் பழக்கும் ஆசான்களான கிராமத்து அண்ணாவியார்களை வரவழைத்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி மேடையேற்றினார். 'இராவணேசன்' என்ற கூத்து 1964இல் வந்தது, இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. அவரே பிறகு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணத்தில் முனைவர் பட்டம் பெற்றார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தார், அதே இராவணேசனை மாணவர்களை வைத்துத் திரும்பவும் மேடையேற்றினார். ஆடியவர், ஆட்டுவித்தவர், ஆராய்ந்தவர் மூவரும் ஒரே ஆள். ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கும் 'சட்டங் கொடுப்பதில்' தொடங்கி, மாதக் கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, 'அடுக்குப் பார்த்து' அதாவது ஒத்திகை பார்த்து, அப்புறம் அரங்கேறுகிற ஒரு கலையை, கொப்பியில், அதாவது கூத்து எழுதிய நோட்டில், இருக்கும் பாட்டை மட்டும் பதிப்பித்து ஆராய்ந்தால் என்ன மிஞ்சும்? மத்தளத்தின் சொற்கட்டுக்குக் கால் எப்படிப் பதில் சொல்கிறது, கூத்தின் இரண்டு மரபுகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் என்ன வேறுபாடு என்பதை ஆடியவர் சொல்லும்போது அந்த ஆய்வுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

அதிலேயே ஒரு சண்டையும் இருக்கிறது, அது உங்களுக்கு உதவும். ஊரில் விடிய விடிய நடக்கும் கூத்து பேராதனையில் நேரம் சுருங்கியது, சனம் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு ஏறியது. கூத்து இதனால் பிழைத்தது என்பவர்களும் உண்டு, கூத்து அதன் ஊரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பவர்களும் உண்டு. பின்னால் சி. ஜெயசங்கர், மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்ற வேலையைச் செய்தார். களரி ஊரிலேயே இருந்தது. பழைய கொப்பிகளில் பெண்களையும் சாதியையும் பற்றி வரும் இடங்களை என்ன செய்வது என்று ஆடுகிறவர்களும் அண்ணாவியாரும் ஊரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். ஆய்வாளர் அங்கே பல குரல்களில் ஒரு குரல். வான்கூவரில் எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட இதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கலைஞர் என்பதற்கு ஒற்றை ஆளை மட்டும் நினைத்துக்கொள்ளும் பழக்கம் வான்கூவர்க்காரர்களிடம் கொஞ்சம் இருக்கிறது. சீலாமுனையில் கலைஞர் ஒரு ஊர். உங்கள் இலக்கிய மீளாய்வில் ஆங்கிலப் பெயர்களோடு இதையும் வையுங்கள், கைடும் சந்தோஷப்படுவார்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். படம் பிள்ளையுடையது. பள்ளித் தலைமையிடம் அனுமதி வாங்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது, பெற்றோரிடம் எழுத்தில் வாங்க வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும், 'இதைப் போடாதீங்க டீச்சர்' என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும். பெயர், பள்ளியின் பெயர், சீருடையில் உள்ள பேட்ஜ் எதுவும் தெரியக் கூடாது. இன்னொன்று, வரையவிட்டால் பிள்ளைகள் வீட்டை வரைவார்கள், வீட்டில் நடப்பதையும் வரைவார்கள். படத்தை வைத்து நாமாக உளவியல் ஜோசியம் சொல்லக் கூடாது, கறுப்புக் கிரேயான் எடுத்த பிள்ளைக்கெல்லாம் மன அழுத்தம் என்று எழுதிவிடாதீர்கள், சில நேரம் மற்ற கிரேயான் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், அதற்கப்புறம் அது ஆய்வுத் தரவு கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், ஆய்வின் ரகசியக் காப்பு அங்கே செல்லாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

நோட்டு என்றதும் ஒன்று. எல்லாவற்றுக்கும் தேதி போடுங்கள். கிழித்துப்போட நினைத்த ஓவியத்தைக் கிழிக்காமல் பின்பக்கத்தில் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதி வையுங்கள். வரையும்போது பாதியில் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், முடிந்த படம் தன் வழியை மறைத்துவிடும், பாதிப் படம் மறைக்காது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், 'உங்கள் தரவு எங்கே' என்று கேட்பவருக்குக் காட்ட இந்தக் குப்பைதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கடைசியாக நம் ஊர் நடைமுறை. 2022இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் பொதுவாக ஆறு வருடம், குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க். பகுதிநேரம் என்றால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். எழுத்து வடிவ ஆய்வேடு கட்டாயம், எழுத்துத் திருட்டுச் சோதனையும் உண்டு. அதனால் எழுத்தை விட்டுவிடும் ஆசை வேண்டாம். எழுத்தாலான ஆய்வேட்டோடு உங்கள் படத்தொடரையும் ஆய்வின் ஒரு பகுதியாக, பின்னிணைப்பாக அல்லாமல் அத்தியாயமாகவே வைக்கப்போகிறேன் என்று சினாப்சிஸிலேயே எழுதிவிடுங்கள். முறையியல் பகுதியில் ஐஸ்னர், ஸ்டென்ஹவுஸ், ஆவோக்கி, இர்வின் வரிசையில் போனால் கல்வியியல் துறையில் யாரும் பெரிதாக எதிர்க்க மாட்டார்கள், ஏனென்றால் முதல் இரண்டு பேரும் அவர்கள் ஏற்கெனவே பாடம் நடத்துகிறவர்கள். 'கருதுகோள் எங்கே' என்று கேட்பார்கள். கருதுகோள் இல்லை, கேள்வி இருக்கிறது, அந்தக் கேள்வி எந்தெந்த இடத்தில் மாறியது என்பதற்குத் தேதியோடு சான்று இருக்கிறது என்று சொல்லுங்கள். துறையில் ஒரு சின்ன கண்காட்சி வைத்து, வைவா அன்று தேர்வாளர்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள், காகிதத்தில் சின்னதாக அச்சான படத்தைப் பார்த்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது.

கைடிடம் இவ்வளவையும் பேசும்போது மறக்காமல் இதையும் கேட்டுவிடுங்கள்: வெளித்தேர்வாளர் பட்டியலில் ஓவியம் தெரிந்த ஒருவரையாவது சேர்க்க முடியுமா? இப்போதே கேட்டால் யோசிப்பார். பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.